வேலிக்குள் வேட்டை: அரசர் வழக்கமும் அறநெறி வழக்கும்

சுவனத்தைக் குறிக்கத் திருமறை ஆளும் சொற்களுள் ஒன்று 'ஃபிர்தவ்ஸ்' (18:107, 23:11). சுற்றிலும் மதில் எழுப்பி வளைத்த நிலத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லோடு இது உறவுடையது என்பது மொழியறிஞர் பலரின் கருத்தாகும். பாரசீக மன்னர்களின் மதில் சூழ்ந்த சோலைகளும் வேட்டைக் காடுகளும் அப்பெயரால் அழைக்கப்பெற்றன. இளைய சைரஸ் குதிரைமீதேறி வேட்டையாடுவதற்கென விலங்குகள் நிறைந்த அத்தகைய காடு ஒன்று இருந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனஃபோன் பதிவு செய்துள்ளார். அடியார்க்கு வாக்களிக்கப்பட்ட சோலையின் பெயரும் அரசர் விலங்குகளை அடைத்துக் கொன்ற காட்டின் பெயரும் ஒரே வேரினின்று கிளைத்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

ஈரானின் கிர்மான்ஷாஹ் நகரை அடுத்த தாக்கே புஸ்தானில் அவ்வழக்கத்தின் கற்சான்றை இன்றும் காணலாம். பெரும்பாலும் சாசானியப் பேரரசர் இரண்டாம் குஸ்ருவின் (590–628) காலத்ததாகக் கருதப்படும் குடைவரையின் ஒரு பக்கச் சுவரில் மான் வேட்டையும் மறுபக்கச் சுவரில் காட்டுப்பன்றி வேட்டையும் செதுக்கப்பட்டுள்ளன. யானைகள் அணிவகுத்துப் பன்றிகளை நாணல் சதுப்புக்குள் விரட்டுகின்றன. மன்னர் படகில் நின்றவாறே அம்பெய்கிறார். அருகிலுள்ள படகுகளில் மகளிர் யாழ் மீட்டுகின்றனர். விரட்டுவோர் பிறர், வில் வளைப்பவர் மட்டுமே மன்னர். பன்றிக்குத் தப்பும் வழியில்லை. அந்த மன்னர் ஆண்ட காலத்திலேயே அரபு மண்ணில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அழைப்பு எழுந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரபு மண்ணிலும் வளைப்பு நிலம் உண்டு. 'ஹிமா' என்பது அதன் பெயர். வலிமை மிக்க தலைவன் மேட்டில் நாயொன்றைக் குரைக்கச் செய்து, அவ்வொலி எட்டிய தொலைவுவரை தன் மேய்ச்சல் நிலமென அறிவிப்பான் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விளக்குகிறார். தன் ஹிமாவுக்குள் நுழைந்த பிறர் ஒட்டகத்தைக் குலைப் என்ற தலைவன் அம்பெய்ததால் மூண்டதே நாற்பதாண்டுப் பகையாகப் பேசப்படும் பஸூஸ் போர். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமன்றி வேறெவர்க்கும் ஹிமா இல்லை என்ற நபிமொழி இத்தனியுரிமையை ஒழித்தது. உமர் (ரலி) அவர்கள் பொது ஹிமாவின் காவலரை நியமித்தபோது, சிறு மந்தையுடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளுக்கு இடந்தர வேண்டாமென்றும் பணித்தார்கள். வேலி யாருக்காக என்ற வினாவிற்கு அது தெளிவான விடையாகும்.

மக்காவின் ஹரமும் மதீனாவின் ஹரமும் இதனினும் மேலான எடுத்துக்காட்டுகள். அவற்றின் எல்லைக்குள் வேட்டையாடுதல் விலக்கப்பட்டது. பாரசீக மன்னரின் மதில் விலங்கு வெளியேறாமல் தடுத்தது. ஹரமின் எல்லையோ வேட்டைக்காரனின் கையைத் தடுத்தது.

எனினும், அரசவைகள் பழைய வழக்கத்தை எளிதில் கைவிடவில்லை. இன்றைய ஜோர்தானில் உமையா இளவரசர் வலீத் இப்னு யஸீத் எழுப்பிய குஸைர் அம்ராவின் சுவரோவியங்களில் காட்டுக் கழுதைகள் வலையடைப்புக்குள் விரட்டப்படும் காட்சியை நாம் காண்கிறோம். அப்பாஸியரின் ஸாமர்ராவிலும் மதில் சூழ்ந்த வேட்டைக் காடுகள் இருந்தன.

அரசவை ஒருபுறம் செல்ல, ஃபிக்ஹு அறிஞர்கள் மறுபுறம் நுட்பமானதொரு வரையறையை வகுத்தனர். கைவசப்பட்ட விலங்கு வேறு, கைவசப்படாத விலங்கு வேறு. முன்னதை முறைப்படி அறுத்தே உண்ண வேண்டும். பின்னதற்கு மட்டுமே அம்பும் பயிற்சியளித்த நாயும் ஆகும். மிரண்டோடிப் பிடிக்க இயலாமற்போன ஒட்டகம் வேட்டைப் பிராணியின் நிலையை அடைகிறது. பழகிவிட்ட மான் அந்நிலையை இழக்கிறது. அவ்வாறே, எளிதாகப் பிடிக்கத்தக்க குறுகிய அடைப்பில் சிக்கியதும் வேட்டைப் பிராணியன்று. துரத்திப் பிடிக்க வேண்டிய அளவு பரந்த நிலமாயின் சட்டம் வேறுபடும். ஆக, வேட்டையா அன்றா என்பதை முடிவு செய்வது வேலி இருப்பதன்று. விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு உண்டா என்பதே. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அனஸ் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோர் வழி வரும் அறிவிப்புகளையும் இங்கு இணைத்தே நோக்க வேண்டும்.

இந்திய மண்ணில் இவ்வழக்கு முகலாயரின் 'கமர்கா'வில் உச்சம் கண்டது. மங்கோலிய மரபில் வந்த இவ்வளைப்பு வேட்டையில் மனிதர்களே வேலியாயினர். ஆயிரக்கணக்கானோர் நாட்கணக்கில் வட்டத்தைச் சுருக்கி வர, நடுவில் குவிந்த விலங்குகளைப் பேரரசர் முதலில் வேட்டையாடுவார். 1567இல் லாகூர் அருகே அக்பர் நடத்திய கமர்கா புகழ்பெற்றது. ஆனால், 1578இல் ஜீலம் ஆற்றங்கரையிலுள்ள பேரா பகுதியில் வட்டம் முடியும் தறுவாயில் அவர் உள்ளத்தில் ஏதோவொரு மாற்றம் நிகழ்ந்தது. வேட்டையை நிறுத்தி, விலங்குகளை விட்டுவிடப் பணித்தார். அவரைப் போற்றிய அபுல் ஃபஸ்லும் அவரைக் கண்டித்தெழுதிய பதாயூனியும் இந்நிகழ்வை ஒருங்கே பதிந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

அவர் மகன் ஜஹாங்கீர் கணக்கெழுதும் வேட்டைக்காரர். பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் நினைவேட்டில் எழுதியுள்ளார். அப்பட்டியலில் 90 பன்றிகளும் உள்ளன. உண்ண ஆகாத விலங்கு உண்டியலுக்கன்றி எண்ணிக்கைக்காகவே வீழ்ந்தது எனலாம். அதே ஜஹாங்கீர்தாம், தாம் வளர்த்த மன்ஸ்ராஜ் என்ற மான் இறந்ததும் இன்றைய பாகிஸ்தானின் ஷேக்குபுராவில் அதற்கு நினைவிடம் அமைத்தார். அவ்வெளியில் மான் வேட்டை கூடாதென்றும், அம்மான்களின் இறைச்சியை இந்துக்கள் பசுவின் இறைச்சியாகவும் முஸ்லிம்கள் பன்றியின் இறைச்சியாகவும் கருத வேண்டுமென்றும் கட்டளையிட்டார். ஒரு விலக்கு மற்றோர் உயிருக்குக் காவலாக அமைந்த அரிய நிகழ்வு இது.

இன்று இவ்வழக்கு அமெரிக்காவில் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. உயர்ந்த வேலிகளுக்குள் பன்றிகளை விட்டுக் கட்டணம் பெற்று வேட்டையாடச் செய்யும் பண்ணைகள் அங்கு உள்ளன. தம் நிலத்தில் தம் விலங்கு என்பது உரிமையாளர் வாதம். தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகமோ தப்பமுடியாத வேலிக்குள் கொன்ற விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகட்கு முன்பே கண்ட அதே கோடு இது.

காட்டுப்பன்றி உழவர்க்குப் பகை என்பது உண்மை. பயிரை அழிக்கும் பிராணியைத் தடுக்கவும் தேவையெனில் கொல்லவும் மார்க்கம் இடந்தருகிறது. ஆனால் வேலிக்குள் அடைபட்ட பன்றி எவர் பயிரையும் மேயவில்லை. நமக்கு அது உணவுமாகாது. உணவு, தீங்கு தடுத்தல் ஆகிய இரு நியாயங்களும் நீங்கினால் எஞ்சுவது கொல்லும் இன்பம் ஒன்றே. மேலும், வேலி தீங்கைத் தடுத்ததாகவும் வரலாறு இல்லை. 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்டு மலையில் வேட்டைக்கென ஐரோப்பாவிலிருந்து தருவித்து மரவேலிக்குள் அடைக்கப்பட்ட காட்டுப்பன்றிகள் 1920களில் வேலியை உடைத்து வெளியேறி, சுற்றியுள்ள மலைக்காடுகளில் பரவி இன்றளவும் அழிவு விளைவிக்கின்றன.

வேட்டையைப் பின்தொடர்பவன் கவனமிழக்கிறான் என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று உண்டு. வேட்டையை விலக்காமலே அதன் மயக்கத்தை எச்சரிக்கும் வாக்கு அது. வேலி அம்மயக்கத்தை எளிதாக்கித் தருகிறது. படைத்தவன் வழங்கிய ஆற்றலைத் தப்ப வழியற்ற உயிரின்மீது விளையாட்டாகச் செலுத்தும் உரிமை நமக்குண்டா என்பதே தாக்கே புஸ்தான் முதல் இன்றைய பண்ணைகள் வரை நீளும் வழக்கு. நம் முன்னோர் வகுத்த நெறியில் அதற்கான தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுள்ளது என்பதே நம் துணிபு.