தீக்குச்சி முனையளவு கிறீஸ்



சென்ற மாதம் எமது நிலையத்துக்கு வந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டார்: "அங்கிள், பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடினது?" "மண்ணெண்ணெயில்" என்று சொல்லிவிட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டேன். அது பாதிப் பதில் என்று பிறகுதான் பட்டது. மண்ணெண்ணெயைப் பற்றி நாம் எல்லோரும் கதைக்கிறோம். அதைப் பற்றவைத்த பொறியைப் பற்றிக் கதைப்பவர் குறைவு. மீதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

எஞ்சினுக்குள் பொறி உண்டாக்க இரண்டு வழிகள் வளர்ந்தன. ஒன்று ஜேர்மனியில் வளர்ந்தது. ரொபேர்ட் பொஷ் 1897இல் ஒரு மூன்று சில்லு மோட்டார் வண்டிக்குக் காந்தத்தால் மின்சாரம் தரும் மக்னீற்றோவைப் பூட்டினார். 1902இல் அவருடைய பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயர் மின்னழுத்த மக்னீற்றோவைச் செய்து முடித்தார். மற்றையது அமெரிக்காவில், 1910 அளவில், சார்ள்ஸ் கெற்றரிங் கடிலாக் கார்களுக்காகச் செய்த பற்றரி முறை. கார் உலகில் பற்றரி முறையே வென்றது. சின்ன மோட்டார் சைக்கிள்களில் மக்னீற்றோ நிலைத்துவிட்டது. 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப் வரிசையில் பிறந்த எங்கள் பழைய 'ஹொண்டா பிஃப்ரி'யும் அந்தக் குடும்பந்தான்.

1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது, பற்றரி நின்றது, உதிரிப்பாகங்கள் அருகிப்போயின. பற்றரியை நம்பிய வாகனங்கள் பல முடங்கின. பற்றரி இல்லாமலே பொறி தரும் பிஃப்ரி ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு உதைப்போம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். புகை கக்கும், பிளக் கரிப்பிடிக்கும். ஆனாலும் ஓடும்.

ஆனால் பொறி பலமாக இருக்கவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் பற்றாது. பொறியின் பலமும் நேரமும் 'பொயின்ற்' என்ற சின்னச் சாமானில் தங்கியிருந்தன. இரண்டு உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். சுழலும் கேம் ஒன்று பொயின்றின் குதியைத் தள்ள, அவை விலகும். விலகும் கணத்தில் பிளக்கில் பொறி பாயும். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அந்தக் குதி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை கேமில் உரசுகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் குதி தேயும், இடைவெளி குறையும், பொறி பிந்தும். கிறீஸ் கூடினால் அது சூட்டில் இளகித் தெறித்துப் பொயின்றில் படும். அங்கே கருகி மின்சாரத்தை மறிக்கும். பொறி செத்துவிடும்.

எங்கள் ஊர்க் கராச்சுக்கார அண்ணை அளவு சொல்லித் தருவார்: "தீக்குச்சி மருந்து முனையளவு. அதுக்கு மேலே போட்டால் நீ சைக்கிளுக்குச் செய்யிறது உபகாரம் இல்லை." நான் அப்போது வர்த்தகம் படித்த இளந்தாரி. கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட நாள் ஓடும் என்று கணக்குப் போட்டேன். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள் மூடியைக் கழற்றி விரலால் வழித்துப் பூசினேன்.

இரண்டு நாள் கழித்து, ஒக்ரோபர் 30. அன்றிரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. பின்னால் ஆஸ்துமாக்கார ஐயா, முன்னால் இரண்டு பைகள். சனத்துக்குள் முதலாம் கியரிலேயே ஊர்ந்தோம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட எஞ்சின் நின்றது. பிளக்கைக் கழற்றி வைத்து உதைத்துப் பார்த்தேன். பொறி இல்லை. ஐயா மழையில் இருந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டார். அவரால் நடக்க முடியாது.

சைக்கிள் உருட்டி வந்த ஒரு பெரியவர் நின்றார். "தம்பி, கிறீஸ் கூடப் போட்டனீரோ?" என்றார். ஓம் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆரோ பொலித்தீன் விரித்துப் பிடிக்க, நான் இடப்பக்க மூடியைக் கழற்றினேன். அவர் அரிக்கன் லாம்பைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். பிறகு சுழல் சக்கரத்து ஓட்டை வழியாகச் சாரத்து நுனியால் கேமைத் துடைத்து, பொயின்றில் ஒரு துளி பெற்றோல் விட்டார். "நனையாத கடுதாசி இருக்கோ?" என்றார். என்னிடம் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பத்து ரூபாய்த் தாள் இருந்தது. அதைப் பொயின்றுக்கு நடுவே விட்டு மூன்றுதரம் இழுத்தார். தாள் கறுப்பாக வந்தது. நாலாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நன்றி சொல்லத் திரும்பினேன், சனத்துக்குள் அவரைக் காணவில்லை. விடியச் சாவகச்சேரியில் ஐயாவைப் படுக்க வைத்தேன்.

1980களிலேயே சி.டி.ஐ. என்ற இலத்திரனியல் முறை சின்ன ஹொண்டாக்களுக்கும் வரத் தொடங்கியிருந்தது. அதில் பொயின்றும் இல்லை, கிறீஸும் இல்லை. பொயின்ற் பார்க்கத் தெரிந்த கைகளும் இப்போது குறைந்துவிட்டன. தடைக்கால வரலாற்றை நாம் இழப்புகளின் பட்டியலாகவே எழுதுகிறோம். அது பொய்யல்ல. ஆனால் வரவுப் பக்கத்தை எழுதாத கணக்கை எந்தக் கணக்காளரும் ஒப்பமாட்டார். அந்தப் பெரியவரின் கைவேலை வரவுப் பக்கத்தில் எழுதவேண்டியது.

உங்கள் வீட்டில் கராச்சில் நின்றவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இருந்தால், நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். ஒரு மணித்தியாலம் ஒதுக்கி அவர்களுடைய குரலில் பதிவு செய்துவைப்போம். கேள்வி கேட்ட பிள்ளையே பேட்டி காண்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.