சிறைத்தண்டனை மேன்முறையீடு: மலையகம்

வன்முறைக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர், அதை நீக்கும்படியோ குறைக்கும்படியோ மேலுள்ள நீதிமன்றத்தைக் கேட்பதே சிறைத்தண்டனை மேன்முறையீடு. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் அடிதடி வழக்குகள் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்திலும், கொலை வழக்குகள் மேல் நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி கடுங்காயம் விளைவித்தவருக்கு (316ஆம் பிரிவு) 7 ஆண்டு வரை சிறை. வெட்டும் கருவியால் விளைவித்திருந்தால் (317) அது 10 ஆண்டாகும். தொழிலாளி மலையில் நாள் முழுதும் பிடித்திருக்கும் கவ்வாத்துக் கத்தியும் சட்டத்துக்கு வெட்டும் கருவிதான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நடக்கும் சண்டையில் அதை எடுத்தவரின் வழக்கு வேறு பிரிவுக்குப் போய்விடுகிறது.

நீதவானின் தீர்ப்பை எதிர்ப்பவர் மாகாண மேல் நீதிமன்றத்தையும், மேல் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தவர் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும் நாடவேண்டும். இரண்டுக்கும் தவணை 14 நாள். மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறையிலிருப்பவர் அந்த நாட்களுக்குள் சிறை அதிகாரிகளிடம் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். எழுத்தறியாதவருக்கும் சட்டத்தரணி இல்லாதவருக்கும் இது பெரிய வசதி. தோட்டங்களில் இதை அறிந்தோர்தான் குறைவு.

மேல் நீதிமன்றத் தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டின் வேர் இங்கிலாந்தின் 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் மேன்முறையீட்டுச் சட்டத்தில் உள்ளது. அதை ஒட்டி, 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நிறுவியது.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையைக் குறைக்க மட்டுமன்றிக் கூட்டவும் மேன்முறையீட்டு மன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. மேன்முறையீடு செய்தவரின் தண்டனையைக் கூட்டும் இந்த அதிகாரத்தை இங்கிலாந்து 1966இல் கைவிட்டது. இலங்கையோ 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் அதை வைத்துக்கொண்டது. ஆகவே தண்டனை அதிகமென்று முறையிடுபவர் இன்னும் கூடிய தண்டனையோடு திரும்பவும் கூடும். முறையிடுமுன் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவேடு சிங்களத்திலேயே இருப்பதால், தமிழர் தம் வழக்கின் சாட்சியத்தைப் படிக்கவே மொழிபெயர்ப்பை நம்பவேண்டியுள்ளது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது. வசதியற்றோர் 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், முறையீடு முடியும்வரை பிணையில் வெளியே இருக்க விசேட காரணம் காட்டவேண்டும். காட்ட இயலாதவர் சிறையிலிருந்தபடியே காத்திருக்கிறார்.