கரையான் தின்றது போக மிச்சம்



தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையை ராஜராஜ சோழன் திறக்கச் செய்தபோது, தேவார ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, எஞ்சிய ஏடுகளை மீட்டார்களாம். இன்று நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 800 பதிகங்கள்தான்.

இதை வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன நான், என் வீட்டுச் சுவரில் மண்கோடு ஏறியபோது துடைத்துவிட்டு இருந்துவிட்டேன். போன மாதம் மர அலமாரியைத் தட்டினால் வெற்றுச் சத்தம். உள்ளே அப்பாவின் கணக்கு நோட்டு மண்ணாகிக் கிடந்தது.

புற்று இருப்பது மண்ணுக்கடியில். கோட்டைத் துடைத்தால் போகாது. சுவரோரம் தரையில் துளையிட்டு மருந்து ஊற்றினோம். நோட்டு திரும்பவில்லை.

உங்கள் வீட்டு நிலைக்கதவை இன்றே தட்டிப் பாருங்கள்.