காளி என்னும் நாயும் குருளை என்னும் சொல்லும்

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரை வழங்குகிறது. துரத்துவதும் துரத்தப்படுவதும் பிள்ளைப் பருவத்தில் ஒரு பெயரால் அழைக்கப்படுகின்றன. வளர்ந்தபின் அவை எதிரெதிரே நின்ற வரலாற்றுக்குக் கல்லிலேயே சான்றுண்டு.

கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் வீழ்ந்தான். வென்ற இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அப்பூதுகனின் வீரன் மணலேரனை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் பொன்னையோ ஊரையோ கேட்கவில்லை. காளி என்ற நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு குன்றில் பெரும் பன்றியொன்றின்மேல் அதனை ஏவினான். பன்றியும் நாயும் ஒருங்கே மடிந்தன. இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கல் நட்டு, நிலமும் விட்டு, அதனை வழிபடாமல் உண்ணலாகாது என்று பூசை செய்வோனுக்கு விதியும் வகுத்தார்கள். பழங்கன்னடத்தில் அமைந்த அக்கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மணலேரனின் அன்பை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்பு நாய் இறந்தபிறகு கல்லானது, ஏவுமுன் கயிறாகவில்லை.

வேட்டை நாய் என்று பெயர்பெற்ற சிப்பிப்பாறையும் கோம்பையும் இன்று நம் வீட்டு முற்றங்களில் வளர்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவற்றை வேட்டைக்கு ஏவ இடமில்லை. எனினும் காட்டோரத் தோட்டங்களில் அவை தாமாகவே புதருக்குள் மூக்கை நுழைக்கின்றன. உள்ளே குட்டிகளோடு கிடக்கும் தாய்ப்பன்றிக்கு நம் செல்லப்பிராணியும் குட்டி கவரும் செந்நாயும் வேறல்ல. கரடிக்கும் கன்றோடு வரும் யானைக்கும் அவ்வாறே. அஞ்சிய நாய் ஓடிவருவது தன்னை வளர்த்தவரிடமே. பின்னால் சினந்த தாயும் வரும்.

ஆதலின் காட்டோரம் செல்கையில் நாயை வாரில் பிடித்திருத்தலும், இரவில் அடைத்துவைத்தலும், குட்டியின் குரல் கேட்டால் வந்த வழியே திரும்புதலும் போதும். இருபக்கத்துக் குருளைகளும் பிழைக்கும். நடுகல் ஒன்றும் வேண்டியிராது.