முத்தோரையின் நிலவும் ஸ்லோனின் தட்டும்

துணியின் தரத்தைத் திருப்பூரில் இரண்டு விதமாகப் பார்ப்போம். வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டி, எடைபோட்டு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லலாம். ரோல் முழுவதையும் விளக்குமேல் ஓடவிட்டும் பார்க்கலாம். தொலைவானத்தில் குவாசார்கள் (மையக் கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன்மண்டலக் கருக்கள்) எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் இப்படி இரண்டு வழியில் தேடினார்கள். துண்டு வெட்டிப் பார்த்த இடம் நமக்குப் பக்கத்தில், ஊட்டியை அடுத்த முத்தோரை.

அங்கே கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள்தான் அதன் பரப்பு. மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அவ்வளவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்து மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கருவிக்காக மலையைத் தேடிக் கண்டுபிடித்த இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைத்து விடுவிக்கும் நொடிகளிலிருந்து அதன் இடத்தையும் கோண அளவையும் கணிப்பதே முத்தோரையின் முறை. 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 3சி 273 என்ற குவாசாரின் துல்லியமான இடம் இப்படித்தான் கிடைத்தது. மறு ஆண்டு வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதை, படித்தறிந்தார். முத்தோரையில் அளந்தவற்றில் குவாசார்களோடு ரேடியோ விண்மீன்மண்டலங்களும் உண்டு. மங்கலான மூலங்கள் சராசரியாகக் கோண அளவில் சிறியவை என்று 1975-இல் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் காட்டினார்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு அது ஒத்துவரவில்லை.

ரோல் முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தது ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு. அது 2000-இல் நியூ மெக்ஸிகோவில் 2.5 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கியோடு தொடங்கியது. அலுமினியத் தட்டில் மூலங்களின் இடத்துக்கேற்பத் துளையிட்டு, துளைக்கொன்றாக ஒளியிழையைக் கையால் செருகினார்கள்: முதலில் 640, பிறகு 1,000. 2020-இல் வெளியான பட்டியலில் 7,50,414 குவாசார்கள். ஒவ்வொன்றுக்கும் தொலைவைச் சொல்லும் செம்பெயர்ச்சி தெரிவதால் முப்பரிமாண வரைபடமே கிடைத்துவிட்டது. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் குவாசார்கள் மிக நெருக்கமாக இருந்தன என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

எண்ணிக்கையில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. முத்தோரையின் நிலா முறை, நிலா போகும் பட்டையைத் தாண்டாது. ரேடியோவில் பலமாக ஒலிப்பவையோ குவாசார்களில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூலம் ஒவ்வொன்றின் தொலைவும் தெரியாமலே, பிரபஞ்சம் காலத்தோடு மாறுவதைச் சொன்ன துணிவை நான் மேலாக வைப்பேன். ஸ்லோன் வரைபடத்தில் தூசியில் மறைந்த குவாசார்கள் பல விடுபட்டிருக்கின்றன. ரேடியோ அலைக்குத் தூசி தடையில்லை.

முத்தோரை கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் செம்பெயர்ச்சி 3.35-இல் இருக்கும் ஹைட்ரஜனின் கதிரும் வந்து விழுகிறது. குவாசார்கள் பெருகிவந்த காலத்து ஹைட்ரஜன் அது. அதன் பரவலைத் தேடும் நோக்கத்தோடும் அந்தப் பழைய தொலைநோக்கியின் மின்னணுப் பகுதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள்.