கார்லே மலையில் ஒரு கற்கோயில்

ஹிஞ்சேவாடியில் வாழும் நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் லோணாவளாவுக்கு அழைத்துச் செல்வர், சிக்கி வாங்குவர், திரும்புவர். வழியில் வடபுறம் நிற்கும் கார்லே மலையைச் சன்னல் வழியே கண்டதோடு சரி. பதினோராண்டுக் காலம் நானும் அவ்வாறே இருந்தேன். சென்ற தை மாதத்தில்தான் குடும்பத்தோடு மலவ்லி நிலையத்தில் இறங்கி அம்மலை ஏறினேன்.

படிக்கட்டெங்கும் ஏகவீரை அம்மனின் அடியார் கூட்டம். அவருள் கடலோரக் கோளி மக்கள் பலர். அம்மன் கோயிலை ஒட்டியே பௌத்தரின் சைத்தியம் வாய் திறந்து நிற்கிறது. சைத்தியமாவது, தூபியை நடுநாயகமாகக் கொண்ட வழிபாட்டுக் கூடம். கி.பி. முதல் நூற்றாண்டில் குடையப்பெற்ற இது, இந்தியக் குடைவரைச் சைத்தியங்களுள் மிகப் பெரியது. நீளம் ஏறத்தாழ 124 அடி. அகலமும் உயரமும் 45 அடியளவு. தூண்கள் 37. பக்கத்திற்குப் பதினைந்தாக நிற்பவற்றின் உச்சியில் யானைகள் மண்டியிட்டிருக்க, அவற்றின்மேல் ஆணும் பெண்ணும் அமர்ந்துள்ளனர். தூபியின் பின்னுள்ள ஏழும் அணியின்றி எளிமையாக உள்ளன. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் மரவிலாக்கள்! ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அம்மரம் இன்றும் நிற்கிறது. பாறைக்கு மரத்தின் தாங்கல் எதற்கு? மரத்தால் கூடம் சமைத்த பழைய தச்சு மரபைக் கல்தச்சரால் கைவிட இயலவில்லை போலும்.

ஆயினும் என்னை ஈர்த்தவை எழுத்துகளே. ஜம்புத்வீபத்தில் தலைசிறந்த இக்கல்மாளிகையை முற்றுவித்தவன் வைஜயந்தியைச் சார்ந்த பூதபாலன் என்னும் செட்டி என்று ஒரு கல்வெட்டுக் கூறுகிறது. வைஜயந்தி கன்னட நாட்டு வனவாசியாகும். தூண் அளித்தோருள் தேனுகாகடம் என்னும் ஊரைச் சார்ந்த யவனர் பலர். வாயில் அமைத்தவன் ஒரு நறுமணப் பண்ட வணிகன். அரசர் கொடையும் உண்டு. ஆனால் ஊர்ப்பெயரைத் தன் பெயர்க்கு முன் பொறித்துக்கொண்ட சாதாரண மனிதரே மிகுதி. பிழைக்க வந்த இடத்தில் பிறந்த ஊரை மறவாமை நமக்குப் புதிதன்று.

மராத்திப் பள்ளியில் பயிலும் என் மகள், “அப்பா, இது மராத்தியா, தமிழா?” என்றாள். மொழி பிராகிருதம், எழுத்து பிராமி என்றேன். என் ஊராகிய மேலூருக்கு அண்மையில், கிடாரிப்பட்டியை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்திலும் அவ்வெழுத்தின் தமிழ் வடிவம் உண்டு. அது சமணர்க்குரியது, உப்பு வணிகனும் அறுவை வணிகனும் அங்கே பெயர் பொறித்துள்ளனர். சிறுவயதில் அக்குகையில் ஓடியாடியவன் நான். எழுத்தை மட்டும் கண்டதில்லை! ஈரிடத்தும் ககரம் கூட்டற்குறி போன்றது என்றதும், அவள் தன் குறிப்பேட்டில் அதனை வரைந்துகொண்டாள்.

திரும்புகையில் வண்டி தேஹு ரோட்டில் நின்றது. 1954 டிசம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவிய ஊர் அது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதற்கு முன்னரே நிகழ்ந்தது. மலைமேல் ஓய்ந்துபோன வழிபாடு அடிவாரத்து நாட்டில் மீண்டதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குறிப்பேட்டை நீட்டி, “மேலூரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்” என்றாள்.