எழுதுவினைஞர் கல்வியும் சமுதாயக் கல்லூரியும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம்

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பல்கலைக்கழகங்களையும் அவற்றிற் பயின்ற அறிஞர்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு, வணிகக் கடிதம், கோவைப்படுத்தல் ஆகியவற்றைப் புகட்டும் தொடக்கநிலைப் பாடநெறிகள் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. எனினும், ஒரு சமுதாயம் எவ்வகுப்பினருக்கு எவ்வளவு அறிவை வழங்க முன்வருகிறது என்பதை அறிவதற்கு இவற்றைப் போன்ற தெளிவான சான்றுகள் சிலவே உள. ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளை, அதாவது குறைந்த கட்டணத்தில், பொதுவாக நுழைவுத் தடையின்றி, ஈராண்டுக் கல்வியை அளிக்கும் பொது நிறுவனங்களை, முன்னிறுத்தி இவ்விடயத்தை ஈண்டு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு வணிக அலுவலகம் சிறியதாயிருந்தது. முதலாளியும் ஒருசில எழுதுவினைஞரும் அருகருகே இருந்து பணியாற்றினர். பேரேட்டை எழுதியவன் கொள்முதல், விற்பனை, கடன், இலாபம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கண்டான். பின்னர் எண்ணெய்த் தொழிலின் பெருமுதலாளியாக விளங்கிய ஜோன் டி. றொக்பெல்லர், கிளீவ்லன்ட் நகரத் தனியார் வணிகக் கல்லூரியொன்றிற் குறுகிய காலப் பயிற்சி பெற்று, 1855இல், தமது பதினாறாவது வயதில், உதவிக் கணக்குப்பதிவாளராகவே தொழிலைத் தொடங்கினார். இதனைத் தனிமனித முயற்சியின் வெற்றியாக மட்டும் கொள்வது பொருந்தாது. அக்காலத்து எழுதுவினைஞர் பணி வணிகம் முழுவதையும் கற்கும் பயிலிடமாகவும் இருந்தது. அவ்வாய்ப்பு பெரும்பாலும் வெள்ளையின ஆண்களுக்கே உரியதாயிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

புகையிரதப் பாதைகளும் காப்புறுதி நிறுவனங்களும் பெருங் கைத்தொழில்களும் வளர்ச்சியுற்றபோது இந்நிலை மாறியது. கடிதங்களும் பதிவேடுகளும் பெருகின. ஷோல்ஸ் முதலியோர் 1868இல் உரிமம் பெற்ற தட்டெழுத்துப் பொறியை றெமிங்ரன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிறெக் 1888இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை அமெரிக்கப் பாடசாலைகளிற் பரவிற்று. ஒருவர் செய்த வேலை பலருக்கிடையே கூறுபட்டது: ஒருவர் சொல்ல, ஒருவர் குறிக்க, ஒருவர் பொறியில் அடிக்க, ஒருவர் கோவையிலிட்டார். 1881இல் நியூயோர்க் நகர இளம் பெண்கள் கிறித்தவ சங்கம் பெண்களுக்குத் தட்டெழுத்து வகுப்பை ஆரம்பித்தது. சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் ஆகியோருட் பெண்களின் பங்கு 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1900இல் அது ஏறத்தாழ முக்காற் பங்கு. 1930இல் 95 சதவீதத்துக்கும் மேல். பெண்களுக்கு அலுவலகக் கதவு திறந்த அதே காலத்திலேயே அலுவலகத்தினுள் மேலேறும் படிக்கட்டு அகற்றப்பட்டது எனலாம்.

சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடியான கனிஷ்ட கல்லூரிகள் தொடக்கத்தில் இத்தகைய பயிற்சிக்கென எழுந்தவையல்ல. 1901இல் இலினோய் மாநிலத்தின் யோலியற் நகரில் ஆறு மாணவருடன் தொடங்கிய கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை உள்ளூரில் அளிப்பதையே நோக்கமாகக் கொண்டது. தொழிற்கல்விக்குச் சமஷ்டி அரசாங்க நிதியை வழங்கிய 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டமும் விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றையே ஆதரித்தது. வணிகக் கல்வி ஆசிரியரின் சம்பளத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. ஆயினும் கனிஷ்ட கல்லூரித் தலைவர்கள் தம் மாணவரிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் புகமாட்டார் எனக் கருதி, வேலையோடு முடிவுறும் கல்வியொன்றை வற்புறுத்தினர். வோல்ற்றர் ஈல்ஸ் 1941இல் வெளியிட்ட நூல் இக்கொள்கைக்கு வாதாடியது. மாணவரோ தொடர்ந்தும் பட்டப்படிப்பையே நாடினர். இத்தொழிற்கல்வித் திருப்பத்துக்கு மாணவரின் விருப்பமோ வணிக நிறுவனங்களின் கோரிக்கையோ முதற் காரணமன்று, தமக்கெனத் தனியிடம் தேடிய கல்லூரி நிருவாகிகளின் முயற்சியே காரணம் எனப் பிறின்ற், கறபெல் ஆகிய சமூகவியலாளர் 1989இல் வாதிட்டனர்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை விரிவடைந்தது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 1947இல் சமுதாயக் கல்லூரிகளை நாடெங்கும் நிறுவுமாறு விதந்துரைத்தது. 1963ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டம் அலுவலகத் தொழிற் பயிற்சிக்கும் நிதியளித்தது. 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் சட்டத்தின் பின்னர், முன்னர் வீட்டுப் பணியையே பெரிதும் நம்பியிருந்த கறுப்பினப் பெண்கள் அலுவலகங்களிற் கணிசமான தொகையில் இடம்பெறலாயினர். தனியார் பயிற்சி நிலையத்துக்குப் பணங்கட்ட இயலாத தொழிலாளர் குடும்பத்தினருக்கு மாலை நேர வகுப்புகள் உண்மையான பயனை அளித்தன. இப்பயனைச் சிறிதாக எண்ணும் உரிமை நமக்கில்லை.

ஆனால் கல்லூரிக்குள்ளேயே இரு வாயில்கள் இருந்தன. வணிக அறிமுகம், கணக்கீட்டுத் தத்துவம் போன்ற பாடங்கள் நிறுவனத்தை முழுமையாக நோக்கக் கற்பித்தன. பல்கலைக்கழகங்கள் பலவும் அவற்றைப் பட்டத்துக்குரியனவாக ஏற்றன. தட்டெழுத்தும் அலுவலக நடைமுறையும் பெரும்பாலும் அவ்வாறு ஏற்கப்படவில்லை. முதலாவது வாயில் மேலே செல்லும் வழி. இரண்டாவது வேலையோடு முடிவது. பேற்றன் கிளார்க் 1960இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரக் கல்லூரி பட்டப்படிப்பு ஆசையுடன் வந்த மாணவரைச் சோதனைப் புள்ளிகளாலும் ஆலோசகரின் அறிவுரைகளாலும் படிப்படியாக இரண்டாம் வாயிலுக்குத் திருப்பிய முறையை விளக்கினார். வாய்ப்பு மறுக்கப்பட்டதாக அன்றித் தம் ஆற்றலே குறைவு என மாணவரே ஏற்குமாறு செய்வதில் அம்முறையின் வலிமை தங்கியிருந்தது.

கைத்திறனை மட்டும் பெற்றோரின் நிலை எத்துணை உறுதியற்றது என்பதைப் பொறிகள் காட்டின. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் காந்தநாடாத் தட்டெழுத்துப் பொறியை அறிமுகஞ் செய்தது. 1981இல் அதன் தனியாள் கணினி வந்தது. மேலாளர் தாமே தம் கடிதங்களை அடிக்கத் தொடங்கியதும் சுருக்கெழுத்தும் தட்டெழுத்து வேகமும் சந்தை மதிப்பை இழந்தன. அலுவலக வேலையிலும் சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுவதை ஹரி பிறேவமன் 1974இல் எடுத்துரைத்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பொஸ்ரன் நகர அலுவலகப் பெண்கள் ‘ஒன்பது முதல் ஐந்து வரை’ எனப் பெயரிய அமைப்பில் ஒன்றிணைந்து ஊதியத்துக்காகவும் மதிப்புக்காகவும் போராடினர். தம் உழைப்பின் பெறுமதியை எந்தத் தட்டெழுத்து வகுப்பும் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை. அதனை அவர்கள் தமக்குத் தாமே கற்றுக்கொண்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து இருவகை எளிய முடிவுகளுக்கு வருவது தவறாகும். அலுவலகப் பயிற்சியை முதலாளித்துவத்தின் சூழ்ச்சியென ஒதுக்குவது, அதனால் வாழ்வு பெற்ற இலட்சக்கணக்கான பெண்களின் அனுபவத்தைப் புறக்கணிப்பதாகும். வேலை கிடைத்ததே போதும் என்பதோ, அவ்வேலை மறைந்தபின் அவர் யாது செய்வர் என்ற வினாவைத் தவிர்ப்பதாகும். இன்று தட்டெழுத்துப் பொறியின் இடத்தைக் கணினி பிடித்திருக்கலாம், வினா மாறவில்லை. பேரேட்டில் எண்களை நிரப்பக் கற்பவருக்கு அவ்வெண்களின் பொருளையும், தம் வேதனம் கணிக்கப்படும் முறையையும், தொழிலாளரைக் காக்கும் சட்டங்களையும் கற்பித்தல் வேண்டும். விரும்பின் மேற்படிப்புக்குச் செல்லும் வழியும் அடைபடாதிருத்தல் வேண்டும். தொடக்கநிலைப் பாடநெறி ஒன்றை மதிப்பிடும்போது அது எதனைத் தொடக்கி வைக்கிறது என்பதையே நாம் முதலிற் கேட்க வேண்டும்.